க்ரோண்டாலின் இரண்டாம் பகுதி

டிராம்போன் என்பது வாத்தியகோஷ்டியின் பின்வரிசையிலிருந்து உரக்க முழங்குவதற்கென்றே ஏற்பட்ட கருவி என்று ஒரு சங்கீத விமரிசகர் அண்மையில் எழுதியிருந்தார். பெத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் கடைசிப் பகுதி வரும்வரை கைகட்டி உட்கார்ந்திருந்தே தலை நரைத்துப்போன எனக்கு, அதைப் படித்ததும் கோபம் வராமலில்லை. அவர் லௌனி க்ரோண்டாலின் 1924-ஆம் வருஷத்துக் கன்செர்ட்டோவைக் கேட்டிருக்கவில்லை, போகட்டும். அதையே நித்தமும் சாதகம் செய்கிற எங்கள் இளைஞர்களும் அதைக் கேட்டவர்களாகத் தெரியவில்லையே, அதற்கு என்ன சொல்வது?

க்ரோண்டால் அதை இத்தாலியில் தங்கியிருந்தபோது இயற்றினார். கோபன்ஹேகன் ராயல் தியேட்டர் வாத்தியகோஷ்டியின் வில்ஹெல்ம் ஆர்க்ரோ முதலில் வாசித்தார். இவையெல்லாம் எல்லோரும் அறிந்தவை. பலர் மறந்துவிடுவது, க்ரோண்டால் பதின்மூன்று வயதிலிருந்தே வயலின் வாசித்துப் பிழைத்தவர் என்பதைத்தான். ஸ்வரஸ்தானத்தைக் காட்ட யாதொரு அடையாளமுமின்றிக் காதை மட்டும் நம்பிச் சுருதி சேர்க்கும் அவஸ்தை வயலினுக்கும் எங்களுக்கும் பொது. ஆனால் அவர்களிடம் வில் இருக்கிறது. வில்லுக்கு இயல்பாய் வரும் இழைவை, 'ஒரு புராணக்கதை போல' என்று தலைப்பிட்ட அந்த இரண்டாம் பகுதியில், அவர் ஸ்லைடிடம் கேட்டுவிட்டார்.

முழக்கமான முதல் பகுதியை நான் உற்சாகமாக ஊதிக்காட்டியபோது என் ஆசிரியர் அந்த ஏட்டையே மூடிவைத்துவிட்டு, ஒரு குளிர்காலம் முழுவதும் இரண்டாம் பகுதியின் ஆரம்ப வாக்கியத்தையே வாசிக்கச் சொன்னார். அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அமர்ந்திருப்பார். நாக்குப் பட்டது காதில் விழுந்தால் சுவரில் ஒரு தட்டு, ஸ்லைடு நகர்ந்தது காதில் விழுந்தால் இரண்டு. ஒரே ஹார்மானிக்கிலுள்ள இரு ஸ்வரங்களை, இடையே வழுக்கலும் வெட்டும் இல்லாமல், நாக்கு தொட்டும் தொடாமலும் இருக்கும் அந்தக் கணத்தில் கையை மின்னலாய் நகர்த்தி இணைப்பது எத்தனை கடினம் என்பதை அந்தச் சுவர்தான் எனக்குக் கற்பித்தது. அவர் வாய்திறந்து பாராட்டியதாக எனக்கு நினைவில்லை.

இன்றோ, கை நீள வேண்டிய இடங்களிலெல்லாம் கட்டைவிரல் வால்வை அழுத்திவிடுகிறது. கீழ் ஸ்தாயி பி-பிளாட்டிலிருந்து பி நாச்சுரலுக்கு, முதல் பொசிஷனிலிருந்து ஏழாவதுவரை ஓட வேண்டிய இடத்தில் அதை நான் ஆட்சேபிக்கவில்லை. மேலே, பாடவேண்டிய இடத்தில் எதற்கு? பியானோச் சுருக்கத்தோடேயே பழகி, மேடையேறும் நாள்வரை வாத்தியகோஷ்டியின் முழு ஏட்டைத் திறந்தும் பாராத வித்வான்களும் இருக்கிறார்கள். க்ரோண்டால் தம் கோஷ்டிக்குள்ளேயே ஒரு பியானோவை அமர்த்தியிருக்கிறார்; எல்லாமே பியானோவாய்க் கேட்டுப் பழகிய செவிக்கு, தந்திகளுக்கிடையே அது தனித்து ஒலிப்பதன் அர்த்தம் எப்படி விளங்கும்?

நான் நடுவனாயிருந்த ஒரு தேர்வில், இரண்டாம் பகுதியையும் வாசிக்கச் சொல்லலாமே என்றேன். நேரமில்லை என்றார்கள். முதல் பகுதியின் முதற்பக்கத்தை வந்தவர்கள் எல்லோரும் வாசித்தார்கள், மிகவும் சத்தமாக.