கரிசல் மண்ணும் கொல்லை நீரும்

வெளி மாநிலங்களில் குடியேறிய நம்மவருள், கையகலக் கொல்லை வாய்த்தாலும் அதில் ஒரு முருங்கையையும் ஒரு கறிவேப்பிலையையும் நட்டுப் பாராதவர் அரியர். நட்டவை மழைக்காலத்தில் மஞ்சளித்து மடிவதையும் பலர் கண்டிருப்பார்கள். நாகபுரியின் கரிசல் மண்ணில் பல மழைக்காலங்களைக் கழித்தவன் என்ற முறையில், அதுபற்றி நான் அறிந்தவற்றை அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எனது சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஆகையால் கரிசல் எனக்குப் புதிதன்று. ஆயினும் அது வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையை அம்மண் பிடித்து வைத்துக்கொள்வதே அங்குப் பெரும் பேறு. நாகபுரியிலோ ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. அதிற் பெரும்பகுதி ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிவதற்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அங்கே குணமாயிருந்தது இங்கே குற்றமாகிறது. கோடையில் விரல் நுழையும் அளவு வெடித்துக் கிடக்கும் இம்மண், நனைந்ததும் உப்பி, வெடிப்புகளை மூடிக்கொள்ளும். பிறகு நீர் கீழே இறங்குவது அரிது. மண்ணிடையே காற்றின்றி வேர் அழுகுகிறது. வாடிய செடியைக் கண்டு இரக்கங்கொண்டு மேலும் ஒரு குடம் ஊற்றுகிறவர்களும் உண்டு!

என் தந்தையார் காலமானபின், 2021ஆம் ஆண்டு தாயார் எங்களுடன் வந்து தங்கினார். ரயில்வே குவார்ட்டர்ஸின் சிறு கொல்லையே அவருக்கு உலகம். ஊரிலிருந்து கொண்டுவந்து ஊன்றிய முருங்கைப் போத்துகள் அடுத்தடுத்த இரண்டு மழைக்காலங்களில் அழுகிப்போயின. “இந்த மண் எனக்கும் ஒத்துக்கொள்ளாது போலிருக்கிறது. ஒரு பாஸ் வாங்கிக் கொடு, ஐயா, ஊருக்கே போய்விடுகிறேன்” என்றார். பூட்டிக்கிடக்கும் வீட்டுக்கு அவரைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

வழி எனக்குக் கிடைத்தது அலுவலகக் கோப்புகளில். இருப்புப்பாதைக்கு நீரே முதற்பகை. மழை தொடங்குமுன் பாதையோர வடிகால்களைத் தூர்வார வேண்டுமென்று ஆண்டுதோறும் கடிதங்கள் போகும். மண்கரையின் உச்சியையே 30க்கு 1 என்ற சரிவில் அமைக்கிறார்கள். கரிசல் நிலமானால் ஜல்லிக்கும் மண்கரைக்கும் இடையே வேறு நல்ல பொருளைப் பரப்புகிறார்கள். மண்ணின் குணத்தை மாற்ற அவர்கள் முயல்வதில்லை. நீரை நிற்கவிடுவதில்லை, அவ்வளவே. கொல்லைக்கும் இது பொருந்துமென்று தோன்றியது.

2023ஆம் ஆண்டு மே மாதம் வேலையைத் தொடங்கினேன். முதலில் ஓர் அடி ஆழத்திற்குக் குழி வெட்டி, நீர் நிரப்பி, அது இறங்கியபின் மறுமுறை நிரப்பினேன். மறுநாட் காலையிலும் பாதி நீர் அப்படியே நின்றது. இத்தகைய மண்ணில் ஆழக் குழி தோண்டி நல்ல மண்ணிட்டுச் செடி நடுவது, கிண்ணத்தில் நடுவதற்கு ஒப்பாகும். சுற்றிலுமுள்ள நீரெல்லாம் அதில் வந்து சேரும். ஆகவே குழியை விட்டு மேட்டை நாடினேன். பாத்திகளை முக்கால் அடியும், முருங்கைக்கு ஒன்றரை அடியும் உயர்த்தினேன். இவ்வட்டாரத்துக் கமலாப்பழத் தோட்டங்களிலும், வேரழுகலுக்கு அஞ்சி மேட்டுப்பாத்தியில் மரம் வைப்பதுண்டு. மணல் கலக்குமாறு சிலர் யோசனை கூறினர். களிமண்ணில் சிறிதளவு மணல் சேர்த்தால் பயனில்லை. சில வேளை காய்ந்ததும் இன்னும் இறுகிவிடும். மக்கிய சாணமும் இலைச் சருகுமே மண்ணைப் பொலபொலப்பாக்கும். அவற்றைத் தாராளமாகச் சேர்த்தேன். ஈரத்தில் பாத்தியை மிதிக்கலாகாது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

பாத்திகளுக்கிடையே வாய்க்கால் வெட்டினேன். 10 அடிக்கு 1 அங்குலச் சரிவு போதும். ஆனால் கண்மட்டத்தை நம்பலாகாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் நீர்க்குழாய் ஒன்றை இரவல் வாங்கினேன். அளந்து பார்த்தால், எங்கள் கொல்லையின் தாழ்ந்த மூலை அடுத்த வீட்டு வேலியோரம் இருந்தது! நம் நீரை அவர்கள் வெந்தயக்கீரைப் பாத்தியில் விடுவதா? அவ்வீட்டு மராத்தி நண்பரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொல்லையிலும் இதே துன்பந்தான். இரண்டு ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து, வேலியோரமாகவே ஒரு பொது வாய்க்கால் வெட்டி, காலனிச் சாக்கடையில் கொண்டு சேர்த்தோம். நண்பரின் மனைவி தேநீர் கொண்டுவந்து, என் தாயாரை “ஆஜி” என்று அழைத்தார். மராத்தியில் அது பாட்டியைக் குறிக்கும். தாயாரின் காதில் அது “ஆச்சி” என்றே விழுந்தது. நானும் திருத்தவில்லை.

முருங்கை இரண்டு மழைக்காலங்களைக் கடந்து கூரையைத் தொட்டுவிட்டது. கறிவேப்பிலை மட்டும் இன்னும் பிணக்குத் தீராமல், அடியில் துளையிட்ட தொட்டியில் நிற்கிறது. வாய்க்காலில் சருகு அடைத்தால் நீர் தேங்கிக் கொசு பெருகுமாதலால், மழைநாட்களில் அன்றாடம் குச்சியால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. சென்ற கோடையில் ஊர்க்கொடைக்குப் போகவேண்டுமென்று தாயார் பாஸ் கேட்டார். திரும்பும் தேதியையும் அவரே சொன்னார். புறப்படுமுன் வேலியருகே நின்று, குச்சி இருக்கும் இடத்தை அடுத்த வீட்டு அம்மாளுக்குக் கையால் காட்டிவிட்டு வந்தார்.