பாசறைக்குப் போன பிள்ளை

எங்கள் பகுதியில் "முகாம்" என்ற சொல்லைச் சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. மருத்துவ முகாம், இரத்ததான முகாம் என்று அறிவித்தல் பலகையில் எழுதிப் போட்டாலும், வாசிக்கிற தாய்மாருக்கு முதலில் நினைவுக்கு வருவது செட்டிகுளம் மெனிக் பாம்தான். 2009 இல் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இருந்தோம். 2012 செப்ரெம்பரில்தான் அது முற்றாக மூடப்பட்டது. 19 வயதில் நானும் அந்த முட்கம்பிக்குள் தண்ணீருக்கு வரிசையில் நின்றவள். பிறகு பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இடம்பெயர்வு பற்றிய பாடம் வந்தது. விரிவுரையை எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

சாரணர்கள் முகாம் என்று சொல்வதைவிடப் பாசறை என்றுதான் அதிகம் சொல்வார்கள். அதுவும் பழைய தமிழில் போருக்குப் போன படை தங்கும் இடத்தின் பெயர். வன்னித் தாய்மாருக்கு அந்தச் சொல்லும் வேறு ஞாபகங்களைக் கொண்டுவரக் கூடியதே. பிள்ளைகளை அறைக்குள்ளும் பதுங்குகுழிக்குள்ளும் ஒளித்து வைத்திருந்த காலம் ஒன்று எங்களுக்கு இருந்தது. சீருடை, விசில், வரிசை, கட்டளை, பெயர் எழுதிய பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு தாய்க்கு நெஞ்சு இடிப்பதில் என்ன அதிசயம் இருக்கிறது?

2024 பெப்ரவரியில் திருகோணமலையில் பத்தாவது தேசிய சாரணர் ஜம்போரி நடந்தது. ஜம்போரி என்பது நாடு முழுவதிலும் இருந்து சாரணப் பிள்ளைகள் வந்து பல நாட்கள் கூடாரம் அடித்துத் தங்கும் பெரிய பாசறை. மக்கெய்சர் மைதானத்திலும் அதை அண்டிய இடங்களிலும் 10,000 இற்கும் அதிகமான பிள்ளைகள் கூடினார்கள். இதற்கு முந்தியது 2016 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்தில் நடந்தது. திருகோணமலைக்கு எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றிலிருந்தும் பிள்ளைகள் போக இருந்தார்கள். பெற்றோர் ஒப்பமிட வேண்டிய படிவம் ஜனவரியிலேயே வீடுகளுக்குப் போய்விட்டது. ஒப்பமிடாமல் திரும்பி வந்த படிவங்களில் ஒன்றைப் பற்றிப் பேசத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

அந்தத் தாய் புதுக்குடியிருப்புப் பக்கத்தவர். கணவர் இல்லை. ஆடு வளர்ப்பு, இடையிடையே கூலி வேலை. ஒரு மகன், ஒரு மகள். மகளை அவரது தங்கை விட்டுச் சென்றதால் இவர் வளர்க்கிறார். எங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்கு ஒழுங்காக வருபவர், ஆனால் அதிகம் கதைக்கமாட்டார்.

"மிஸ், நான் ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். திருப்பிக் கேக்க வேண்டாம்" என்றார். நான் கேட்கவில்லை. ஆடுகளைப் பற்றிக் கதைத்துவிட்டு வந்துவிட்டேன். எங்கள் வேலையில் உள்ள சிலர் இப்படியான தாய்மாரை "விழிப்புணர்வு குறைந்தவர்கள்" என்று அறிக்கையில் எழுதிவிடுவார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. இந்தப் பெண்களுக்கு விழிப்பு அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. இரவில்கூட அது அவர்களைத் தூங்க விடுவதில்லை.

இரண்டாம் முறை போனபோது அவராகவே சொன்னார். மகன் பிறந்தது 2008 கடைசியில். 2009 பெப்ரவரியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு புதுமாத்தளனில் இருந்து காயக்காரர்களைக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காலில் காயத்தோடு, கைக்குழந்தையோடு இவரும் அப்படி ஏற்றப்பட்டவர். திருகோணமலை ஆஸ்பத்திரியில் இருந்து வவுனியா, அங்கிருந்து மெனிக் பாம்.

"அவன் நடை பழகினதே கூடாரத்துக்குள்ளதான் மிஸ். திருப்பியும் பெப்ரவரி, திருப்பியும் திருகோணமலை, திருப்பியும் கூடாரம். நான் எப்பிடிச் சைன் வைக்கிறது?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? ஆற்றுப்படுத்தல் பயிற்சியில் படித்த வசனம் எதுவும் அந்த இடத்தில் உதவாது. பேசாமல் இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார், "உது ஆமிப் பயிற்சி மாதிரியோ?" என்று.

அந்தக் கேள்வியை லேசாகத் தட்டிவிட முடியாது. சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவல் பிரித்தானியப் படையின் அதிகாரி. 1899 இல் தென்னாபிரிக்காவில் போயர் போர் தொடங்கியபோது மாஃபெகிங் என்ற ஊரை எதிரிகள் முற்றுகையிட்டார்கள். உள்ளே சிறுவர்கள் செய்தி கொண்டுபோகும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டார்கள். அதைக் கண்டவர் 1907 ஓகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் 20 சிறுவர்கள் அளவில் கூட்டிவைத்து முதல் பாசறையை நடத்தினார். வசதியான பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகத் தங்கினார்கள். துவக்கு இல்லை. சமையல், முடிச்சு, காடு பார்த்தல், முதலுதவி இவைதான் பாடம். இலங்கைக்கு அது 1912 இல் வந்தது.

அதே போயர் போரில்தான் பிரித்தானியப் படை பெண்களையும் பிள்ளைகளையும் ஊர்களில் இருந்து கிளப்பிக் கம்பிவேலி முகாம்களில் அடைத்தது. நோயாலும் பசியாலும் 20,000 இற்கும் அதிகமான பெண்களும் பிள்ளைகளும் அங்கே இறந்தார்கள். சிறைபிடிக்கப்பட்ட போயர்கள் சிலாயிரம் பேரை 1900 இல் எங்கள் நாட்டுக்கே கொண்டுவந்து தியத்தலாவையில் வைத்திருந்தார்கள். ஒரே போரில் இருந்துதான் பிள்ளைகள் விளையாடும் பாசறையும் வந்தது, தாய்மாரை அடைத்த முகாமும் வந்தது. இதை அந்த அம்மாவுக்குச் சொன்னேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தப் பெண்டுகளும் எங்களை மாதிரித்தான்" என்றார். மகனைப் பற்றி அன்றைக்கு வேறு எதுவும் கதைக்கவில்லை.

அவர் மனம் மாறியதற்கு என்னுடைய சரித்திரப் பாடம் காரணமில்லை. போவதற்கு முன் பாடசாலை வளவில் இரண்டு நாள் ஒத்திகைப் பாசறை வைத்தார்கள். பெற்றோர் வந்து பார்க்கலாம் என்று பொறுப்பாசிரியர் சொல்லியிருந்தார். அது நல்ல முடிவு. ஆறேழு பிள்ளைகள் ஓர் அணி, அணிக்கு ஒரு தலைவர். ஆசிரியர் வேப்பமரத்துக்குக் கீழே கதிரையில் இருந்தார், பெரும்பாலும் வாயே திறக்கவில்லை. பிள்ளைகள் காட்டுத்தடிகளைக் கயிற்றால் வரிந்து வாசல் வளைவு கட்டினார்கள். கோப்பை வைக்க ஒரு தட்டி, சப்பாத்து வைக்க ஒரு தட்டி. ஓர் ஆணி அடிக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்தது. பெடியன்கள் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதைப் பார்க்கவென்றே மதிலோரம் தாய்மார் கூடிவிட்டார்கள். "வீட்டில ஒரு தேத்தண்ணிக் கோப்பை கழுவமாட்டான்" என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

இந்தத் தாய் சிரிக்கவில்லை. கூடாரம் அடிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். மகனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து முளை அடித்து, கயிறு இழுத்து, சரிந்ததைத் திரும்ப நிமிர்த்தினார்கள். அடுத்த நாள் பின்னேரம் அதே பிள்ளைகள் அதைக் கழற்றி, மண் தட்டி, மடித்துப் பைக்குள் வைத்தார்கள். கூடாரம் நின்ற இடத்தில் புல்லு மட்டும் கொஞ்சம் மஞ்சளாகக் கிடந்தது. அந்த அம்மா போய் அந்த இடத்தைக் காலால் தடவிப் பார்த்தார்.

அதன் பிறகு ஆசிரியரிடம் போய்க் கேள்விகளைத் தொடங்கினார். இரவில் யார் காவல்? பிள்ளைக்குப் பக்கத்தில் யார் படுப்பார்? பெரிய ஆள் ஒருவரோடு பிள்ளை தனியாக இருக்க வேண்டி வருமா? கக்கூஸ் எவ்வளவு தூரம்? காய்ச்சல் வந்தால் எந்த ஆஸ்பத்திரி? தொலைபேசி யார் கையில்? ஆசிரியர் பொறுமையாகப் பதில் சொன்னார். சகோதரிகளே, இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு நீங்களும் கூச்சப்படாதீர்கள். 2023 ஓகஸ்டில் தென்கொரியாவில் நடந்த உலக ஜம்போரிக்கு 40,000 இற்கும் மேற்பட்ட பிள்ளைகள் போனார்கள். கடும் வெயிலில் நூற்றுக்கணக்கானவர்கள் சுகவீனமடைந்தார்கள், பிறகு சூறாவளி வருகிறதென்று எல்லோரையும் அந்த இடத்தில் இருந்து வெளியேற்ற வேண்டி வந்தது. அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அப்படி. பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று உலக சாரணர் அமைப்பே விதிமுறை வைத்திருக்கிறது. நல்ல பொறுப்பாசிரியர் கேள்விக்குக் கோபிக்கமாட்டார். கோபிப்பவரிடம் பிள்ளையை விடவேண்டாம் என்பது என் கருத்து.

காசுப் பிரச்சினையையும் சொல்லியாக வேண்டும். சீருடை, கழுத்துப்பட்டி, இடுப்புப்பட்டி, சப்பாத்து, தோள்பை, பாய் என்று பட்டியல் நீளம். பெண் தலைமைதாங்கும் குடும்பத்துக்கு இது சின்ன விடயமல்ல. பழைய சாரணன் ஒருவரின் சீருடையை அவர் வாங்கி, தையலைப் பிரித்துத் தைத்துக்கொடுத்தார். சப்பாத்துக்கு எங்கள் சங்கத்தின் அவசர நிதியில் கடன் கொடுத்தோம். ஆனால் அதே பாடசாலையில் இரண்டு பிள்ளைகள் காசுக்காகவே பின்வாங்கினார்கள். அது எனக்கு இப்போதும் உறுத்துகிறது. இந்த இயக்கம் ஏழைப் பிள்ளைக்கும் உரியது என்றால், பட்டியலைக் குறைக்கும் வழியை அதை நடத்துபவர்கள்தான் பார்க்கவேண்டும்.

படிவத்தில் ஒப்பமிட்ட அன்று இரவு அந்தத் தாய் மகனுக்குக் கப்பல் கதையைச் சொன்னார். 15 வருடமாகச் சொல்லாத கதை. தன் காலில் இருக்கும் தழும்பு விறகு வெட்டும்போது வந்தது என்றுதான் மகன் நினைத்திருந்தான்.

பிள்ளைகள் வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகப் பஸ்ஸில் போனார்கள். ஒவ்வொரு இரவும் எட்டு மணிக்குக் கதைக்கவேண்டும் என்பது தாயின் நிபந்தனை. முதல் நாள் கதைத்தான். இரண்டாம் நாள் கதைக்கவில்லை. பத்து மணிக்கு என் தொலைபேசி அடித்தது. நான் ஆசிரியருக்கு அடித்தேன். பாசறைத் தீயைச் சுற்றிப் பாட்டும் கூத்தும் முடிந்து பிள்ளை அப்படியே நித்திரையாம். தாய் அதை நம்பவில்லை. ஆசிரியர் அவனை எழுப்பிக் கதைக்கவைத்தார். "அம்மா, விடுங்கோ, நித்திரை வருது" என்றானாம். அவன் அலுத்துக்கொண்டதைக் கேட்டபிறகுதான் தனக்கு நித்திரை வந்தது என்று மறுநாள் சொன்னார்.

திரும்பி வந்த பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை இருந்து கதைத்தேன். ஒருவன் தண்ணீர் வரிசையைப் பற்றி முறையிட்டான், தூசியைப் பற்றியும். பக்கத்துக் கூடாரத்தில் சிங்களப் பிள்ளைகளாம். முதல் நாள் உப்புக் கேட்கப் போய் மொழி தெரியாமல் நாக்கை நீட்டித் தொட்டுக் காட்டினானாம். "லுணு" என்ற சொல் அப்படித்தான் தெரிந்தது. கடைசி நாள் சின்னங்களை மாற்றிக்கொண்டார்கள். இடது கையால் கைகுலுக்குவது சாரணர் வழக்கம், அதை எனக்குச் செய்து காட்டினான். துணுக்காய்ப் பக்கத்துப் பிள்ளை ஒருவனுக்குக் கடல்தான் பெரிய விடயம். மற்றவர்கள் எல்லாம் விளையாட்டையும் சாப்பாட்டையும் பற்றியே சொன்னார்கள். அவர்களிடம் நான் வேறு எதையும் தேடவில்லை.

இந்த அம்மாவின் மகன் மட்டும் கடைசியாக வந்து, "மிஸ், அந்த ஆஸ்பத்திரியைப் பஸ்ஸில போகேக்க பாத்தனான். அம்மாட்டச் சொல்லிப்போட்டன்" என்றான்.

"என்ன சொன்னவ?"

"கேற் என்ன நிறம் எண்டு கேட்டவ. நான் கவனிக்கேல்ல."

மார்ச் மாதச் சங்கக் கூட்டத்தில் அவர் வாய் திறந்து கதைத்தார். மகனைப் பற்றி அல்ல, தங்கையின் மகளைப் பற்றி. அண்ணன் போய்வந்ததில் இருந்து பன்னிரண்டு வயதுச் சின்னவள், தான் எப்போது போவது என்று ஒரே கரைச்சலாம். பெண்பிள்ளைகளுக்கென்று பெண் சாரணியர் இயக்கம் இலங்கையில் 1917 இல் கண்டியில் தொடங்கியது. ஆனால் அந்தப் பாடசாலையில் அதை நடத்த ஆசிரியை இல்லை. பொம்பிளைப் பிள்ளையை வெளியில் தங்கவிடுவதா என்று இருவர் உடனே எதிர்த்தார்கள். வாக்குவாதம் கொஞ்சம் சூடாகவே நடந்தது.

அப்போது மூலையில் இருந்த வயதான அம்மா ஒருவர், தான் எண்பதாம் ஆண்டுகளில் படித்தபோது பெண் சாரணியத்தில் இருந்ததாகச் சொன்னார். நாங்கள் யாரும் அறிந்திராத விடயம். அதை இவ்வளவு காலமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஆர் கேட்டது?" என்றார். பிறகு வாசலில் கட்டியிருந்த ஆட்டின் கயிற்றை அவிழ்த்து வாங்கி, மடியில் வைத்து, கண்ணாடி இல்லாமலேயே இரண்டு முடிச்சுகள் போட்டுக் காட்டினார். மூன்றாவது வரவில்லை. வாற கிழமை ஞாபகப்படுத்திக்கொண்டு வாறன் என்றார்.