விடை வந்தால் போதுமா?

கணிப்பொறி அறிவியல் மாணவர்க்குக் கணிதம் கற்பிக்கப் புகும்போதெல்லாம், இருகூறாக்கித் தேடும் முறையையே நான் முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். அகர வரிசையில் அமைந்த 10 இலட்சம் பெயர்களுள் ஒன்றை 20 ஒப்பீடுகளுக்குள் கண்டுவிடலாம் என்றதும் வகுப்பு வியக்கும். சற்று நேரத்தில் நிரலும் எழுதிவிடுவார்கள். "சரியான விடை வருகிறது ஐயா" என்பார்கள். எப்போதும் வரும் என்பதற்குச் சான்று யாது என வினவினால் மௌனமே மிஞ்சும்.

தேடும் பெயர் பட்டியலில் இருக்குமாயின், அஃது எஞ்சிய பகுதிக்குள்ளேதான் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இக்கூற்று மெய்யாக நிற்கிறதா, பகுதி சுருங்கிக்கொண்டே வருகிறதா என்று நிறுவச் சொல்வேன். தேர்வுக்கென மனனம் செய்த கணிதத் தொகுத்தறிதல் முறைக்கு இப்படியொரு பயன் உண்டென்பது அவர்கட்குப் புதுமை!

நிறுவிய பின்னும் ஒரு வினா எஞ்சும். ஜாவா மொழியின் நூலகத்தில் பல்லாண்டுகள் வழங்கிய இதே நிரலில் பிழையுண்டென 2006இல் ஜோஷுவா பிளாக் எழுதினார். நடுவிடம் காண இரு எல்லைகளையும் கூட்டுகையில், தொகை 2,147,483,647ஐத் தாண்டினால் குறை எண்ணாகிவிடும். தாளில் எண்ணுக்கு வரம்பில்லை; பொறியில் உண்டு.

இதைச் சொல்லி முடிக்குமுன், "இடைவெளியில் பாதியைக் கீழெல்லையோடு கூட்டினால் வரம்பு மீறாதே" என்றாள் மாணவி ஒருத்தி. ஏன் மீறாது என நிறுவுமாறு சுண்ணக்கட்டியை அவளிடமே நீட்டினேன்.