செபமாலையும் வலையூசியும்

குருநகர்க் கரையில் தொண்ணூறாண்டு வாழ்ந்து மறைந்த எமது அம்மம்மாவின் கைகள் இரண்டே பொருள்களை அறிந்தவை: செபமாலை, வலையூசி. இளம் விதவையான அவர் ஐந்து பிள்ளைகளை வளர்த்தது அந்த ஊசியாலேயே.

பொதுவுடைமை நூல்களைக் கற்றுவந்த நாம், "செபம் சோறு போடுமா?" என்று கேலி செய்தோம். "சோறு போடக் கை இருக்கு, மோனை, கை சோராமல் இருக்கத்தான் செபம்" என்றார்.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. தென்மராட்சிப் பள்ளிக்கூடமொன்றில், தம் பங்குக் கஞ்சியை முன்பின் அறியாத சைவக் குழந்தைகளுக்குப் பகிர்ந்துவிட்டுப் பட்டினியோடு செபமாலை சொன்னார். பகிர்வைப் பற்றிப் பேசிய நாமோ எமது கஞ்சியைக் குடித்து முடித்திருந்தோம்.

செபமாலை அவரோடு கல்லறைக்குச் சென்றது. வலையூசி எம்மிடம் இருக்கின்றது. அதற்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.