நடுவில் நிற்பவர்கள்

பிள்ளைகளா, கிளை அஞ்சலகத்தில் போஸ்ட் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இணையத்தைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். ஓய்வுக்குப் பிறகு அதன் வரலாற்றை விரும்பித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, நான் ஆயுள் முழுக்கச் செய்த வேலைதான் வேறு உருவத்தில் வளர்ந்து நிற்கிறது என்று தோன்றியது. அதனால்தான் சொல்கிறேன், கொஞ்சம் கேளுங்கள்.

1969 அக்டோபர் 29 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு மாணவர், ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிலையத்தில் இருந்த கணினிக்கு 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார். எல், ஓ என்று இரண்டே எழுத்து போய்ச் சேர்ந்தது. அதற்குள் எதிர்முனைக் கணினி படுத்துவிட்டது. ஒரு மணி நேரம்போல் பாடுபட்டுச் சரிசெய்து முழுச் சொல்லையும் அனுப்பினார்கள். இணையத்தின் பிள்ளையார் சுழி அதுதான். கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வின்ட் செர்ஃப், பாப் கான் இருவரும் 1974-ல் வகுத்துக் கொடுத்த முறை வளர்ந்து, 1983 ஜனவரி 1 முதல், அந்தக் கணினிகளில் தொடங்கிய வலையமைப்பு முழுவதற்கும் பொது விதியானது. இன்றைக்கும் உங்கள் கைபேசி அந்த வழியில்தான் பேசுகிறது.

அந்த முறை எனக்கு உடனே பிடிபட்டது. நீங்கள் அனுப்பும் படமோ பேச்சோ சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் பிரிகிறது. ஒவ்வொன்றின் மேலும் சேரவேண்டிய முகவரி இருக்கும். வழியில் யார் யாரோ வைத்திருக்கும் இயந்திரங்கள் அதை வாங்கி அடுத்த கைக்குத் தள்ளிவிடுகின்றன. ஒன்று தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் இருக்கும் கணினி வரிசைப்படி அடுக்கிக்கொள்கிறது. எங்கள் தபால் பையும் அப்படித்தான் கைமாறிக் கைமாறிப் போகும். பிரித்து அடுக்குபவர் முகவரியை மட்டும் பார்ப்பார். உறையைப் பிரிக்க மாட்டார். அந்த ஒழுக்கம் இருந்ததால்தான் ஊர் உலகம் எங்களிடம் மணியார்டரைக் கொடுத்தது.

எல்லாருக்கும் அந்த ஒழுக்கம் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஆகவே பின்னாளில் செய்தியையே மறைகுறியாக்கி அனுப்பும் வழி வந்தது. நடுவில் இருப்பவன் எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. நல்ல ஏற்பாடு. ஆனால் தனக்குத் தட்டத் தெரியாமல் அடுத்தவரிடம் போனை நீட்டுகிறாரே ஒரு பாட்டி, அந்த இடத்தில் எந்தப் பூட்டும் வேலை செய்யாது. அங்கே நிற்கும் ஆளின் மனசாட்சிதான் பூட்டு.

நம் நாட்டில் 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தது. தொடங்கிய நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. நம் சித்தூர்ப் பக்கத்துச் சனத்துக்கு அது எட்டாத கனியாகத்தான் இருந்தது. பிறகு பிரௌசிங் சென்டர்கள் வந்தன. எம்செட் நுழைவுத் தேர்வு ரிசல்ட் அன்று அங்கே நிற்க இடம் இருக்காது.

கிராமத்துக்கு இணையம் வந்த கதையில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் குப்பத்தில், 2002-ல் ஹெவ்லெட்-பேக்கார்டு நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. ஊர்களில் தகவல் மையங்கள் வைத்தார்கள். என் மனதில் நிற்பது அங்கிருந்த பெண்கள்தான். மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த அவர்களுக்கு டிஜிட்டல் கேமராவும் பிரிண்டரும் கொடுத்தார்கள்; கரண்டுக்குச் சூரியத்தகடு. அடையாள அட்டைக்கு வேண்டிய போட்டோவை அந்தந்த ஊரிலேயே எடுத்து, கையோடு அச்சிட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். சில ஆண்டுகளில் நிறுவனத்தின் திட்டக்காலம் முடிந்துபோனது. ஆனால், புதிய கருவி தங்கள் கைக்கும் பழகும் என்பதை அந்தப் பெண்கள் கண்ணால் பார்த்துவிட்டார்கள். நான் அதைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

புதுச்சேரிப் பக்கம் 1998-லிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய அறிவு மையங்களையும் சொல்ல வேண்டும். வீராம்பட்டினத்து மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை இறக்கி, தமிழில் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். மீனவர் கணினியைத் தொடவே வேண்டாம்; வலையைப் பின்னிக்கொண்டே காது கொடுத்தால் போதும். 2004 டிசம்பர் 26 அன்று, அதே போன்ற மையம் இருந்த நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரில் இருந்த ஊர்ப்பிள்ளை ஒருவர் போன் செய்து சுனாமி வருகிறது என்று எச்சரித்தார். மையத்து ஒலிபெருக்கியில் அறிவித்துச் சனத்தை வெளியேற்றினார்கள். படகும் வீடும் போயின, ஊர் பிழைத்தது. அவர் சொன்னதைக் கேட்டதும் ஓடிப்போய் மைக்கைப் பிடித்தார்களே, அவர்களை நினைத்துப் பாருங்கள். ஊருக்கும் சேதிக்கும் நடுவில் அன்று அவர்கள்தான் நின்றார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அரசுச் சேவைகளைத் தரும் மீசேவா மையங்கள் 2011-ல் நம் சித்தூர் மாவட்டத்தில்தான் தொடங்கின. சாதிச் சான்று, வருமானச் சான்று, நிலத்து அடங்கல் எல்லாம் அங்கே வாங்கலாம். சமீபத்தில் ஒரு மையத்தில் பார்த்தேன். வயதான அம்மா ஒருவர் முந்தானையிலிருந்து போனை அவிழ்த்து நீட்டினார். மையத்தில் இருந்த பையன் திரையில் இருந்ததைத் தெலுங்கில் வாய்விட்டுப் படித்தான். அவர் முகத்தைப் பார்த்து மறுபடி தமிழில் சொன்னான். ரசீதில் இருந்த தொகையை விரலால் தொட்டுக் காட்டி, மீதிச் சில்லறையை எண்ணி உள்ளங்கையில் வைத்தான். குவைத்திலிருந்து வந்த கடிதங்களைத் தாய்மார்களுக்கு நான் படித்துக் காட்டிய நாட்கள் நினைவுக்கு வந்தன. படித்ததை அங்கேயே மறந்துவிட வேண்டும் என்பது எங்கள் காலத்துப் பழக்கம்.

இந்த மண்ணில் பொய் சொல்லக் கூசுவார்கள். வழக்கு முற்றினால் கோயில் குளத்தில் முழுகி வந்து வரசித்தி விநாயகர் முன் சத்தியம் செய் என்பார்கள். அரசியல்வாதிகள்கூட அந்தச் சவாலைத்தான் விடுகிறார்கள். ஆனால் இந்தப் பக்கம் வரும் பக்தரையே திருமலை தரிசன டிக்கெட் என்று சொல்லிப் போலித் தளத்தில் மடக்குபவர்கள் இருக்கிறார்கள். தேவஸ்தானமும் பலமுறை எச்சரித்துவிட்டது.

உங்களில் பலர் பெங்களூரிலும் சென்னையிலும் கணினி வேலையில் இருக்கிறீர்கள். விநாயக சவிதிக்கு ஊருக்கு வரும்போது, தெருவில் யாராவது பெரியவர் போனை நீட்டினால் அலுத்துக்கொள்ளாதீர்கள். திரையில் இருப்பதை அவர் காதில் விழும்படி படித்துச் சொல்லுங்கள். எவ்வளவு பணம், எதற்கு என்று புரியவையுங்கள். ஓ.டி.பி.யை எதற்குக் கேட்கிறார்கள் என்று விளக்குங்கள். வேலை முடிந்ததும், உங்கள் போனில் எடுத்த அவருடைய ஆதார் படத்தை அவர் எதிரிலேயே அழித்துவிட்டுக் கிளம்புங்கள்.