பாலைக்கு மூட்டை கட்டினோம்

"கொச்சிக்காரனுக்குப் பாலைவனத்தில் என்னப்பா வேலை?" என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வைகாசிக் கடைசியில் விரித்த குடை ஐப்பசி வரை காயாத ஊர் எங்கள் மட்டாஞ்சேரி. அங்கிருந்து பத்துப் பேர், இந்த டிசம்பர் விடுமுறையில், குஜராத்தின் கட்ச்சுப் பாலைக்குப் போய்க் கூடாரமடித்து இரண்டு இரவு தங்கப் போகிறோம். இதழ் உங்கள் கைக்கு வரும்போது திரும்பியிருப்போம். போய் வந்த கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூட்டை கட்டிய கதையை மட்டும் இப்போது சொல்கிறேன்.

எங்கள் எதிர்வீட்டார் கட்ச்சுக்காரர்கள். மிளகும் சுக்கும் வாணிகம் செய்ய அவர்கள் முன்னோர் கொச்சிக்கு வந்தனர். எங்கள் முன்னோர் துணி வெளுக்க வந்தனர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டோம் என்பது வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. கோட்டைக் கொச்சி வெளியில் 1976-ல் கட்டப்பட்ட தோபிகானாவில் முப்பது ஆண்டு துணி துவைத்தவர் என் பாட்டி. எதிர்வீட்டுச் சேட்டுக்குப் புஜ் நகருக்கு வடக்கே, பன்னிப் புல்வெளியில், தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். "இந்த முறை நீங்களும் வாருங்கள்" என்றார். எர்ணாகுளம் வழியாகக் காந்திதாம் போகும் வாராந்திர ரயிலில் சீட்டும் எடுத்தாயிற்று.

திண்ணையில் கூடிப் பட்டியல் எழுதினோம். தம்பி பாட்டுப்பெட்டி என்றான். அம்மா புளியோதரை, எலுமிச்சை ஊறுகாய் என்றார். அப்பா டார்ச் விளக்கு, முதலுதவிப் பெட்டி, அடையாள அட்டை நகல்கள் என்றார். எல்லைக்கு அருகிலுள்ள இடமாதலால் வெள்ளை ரண்ணுக்குள் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். பகலில் வெயில், இரவில் கடுங்குளிர் என்று சேட்டு எச்சரித்ததும் கம்பளிக்கு அலைந்தோம். கொச்சியில் போர்வை என்பது கொசுவுக்காகத்தானே!

அடுத்து, யார் யார் போவது என்ற பேச்சு வந்தது. பாட்டியைப் பள்ளுருத்தி அத்தை வீட்டில் விட்டுவிடலாம் என்று முதலில் சொன்னவன் நான். "முழங்கால் வலி, குளிர் வேறு. பாலையைப் பார்ப்பதா, பாட்டியைப் பார்ப்பதா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அடுக்களையில் இருந்த பாட்டியின் காதிலும் அது விழுந்தது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வெளியே வந்து, "தண்ணிக்கு யாரு பொறுப்பு?" என்று மட்டும் கேட்டார்.

பட்டியலைப் பார்த்தோம். முப்பத்தாறு பொருள்கள் இருந்தன. தண்ணீர் இல்லை!

"புட்டி வாங்கிக்கொள்ளலாம் பாட்டி" என்றான் தம்பி. "எத்தனை?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. பாட்டி விரல் விட்டுக் கணக்குப் போட்டார். குடிக்க, சமைக்க, முகம் கழுவ ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். பத்துப் பேருக்கு மூன்று நாளைக்கு 150 லிட்டர். இருபது லிட்டர் கேன் எட்டு வேண்டும். ஒன்று ஒழுகும், ஆகவே ஒன்பது. புஜ்ஜில் நிரப்பி ஜீப்பில் ஏற்ற வேண்டும்.

அதோடு விடவில்லை. "வர ஞாயித்துக்கிழமை வீட்டுலயே இருந்து பாருங்க" என்று ஆளுக்கொரு குடத்தில் ஐந்து லிட்டர் அளந்து வைத்தார். சமையலுக்கு ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஒரு பங்கு போயிற்று. நான் காலையில் பல் துலக்கி முகம் கழுவியதிலேயே குடம் பாதியாயிற்று. நண்பகலில் மீதி வற்றியது. மாலையில் நா வறண்டு நின்றபோது, பாட்டி தம் குடத்திலிருந்து ஒரு செம்பு ஊற்றினார். "அங்க வந்து கடன் கேக்காத கண்ணு" என்றார்.

மூன்று பக்கம் தண்ணீர் சூழ்ந்த ஊர்தான். ஆனால் அது உப்புத் தண்ணீர். குடிநீர் பெரியாறு போன்ற ஆறுகளிலிருந்து குழாய் வழியே வரவேண்டும். இளமையில் இரவு இரண்டு மணிக்குப் பொதுக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அதன்மேல் தலைசாய்த்துத் தூங்கியவர் பாட்டி. அந்த அனுபவம் எங்களுக்கு இல்லை. மொட்டைமாடித் தொட்டி அதை மறக்கடித்துவிட்டது.

அன்றிரவு சேட்டு வந்து பன்னி மக்களின் 'விர்தா' பற்றிச் சொன்னார். மால்தாரி என்னும் மேய்ச்சல்காரர்கள் தாழ்ந்த நிலத்தில் சிறு குழிக் கிணறுகள் தோண்டுவார்களாம். மழைநீர் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். உப்புநீர் கனமானது, நன்னீர் இலேசானது. பைய மொண்டால் நன்னீர் கிடைக்கும். பேராசையோடு இறைத்தால் உப்பு மேலேறும்.

பாட்டி கலகலவென்று சிரித்தார். "அது நம்ம வீட்டுக் கிணறுதானே! கோடையில ஓங்கி எறைக்காதேன்னு எத்தனை தடவை அடிச்சுக்கிட்டேன்!"

எனக்கு முகம் சிவந்தது. ரண் நடுவே காதிர் என்னும் திட்டில் தோலாவீரா நகரத்தார் 4,000 ஆண்டுகளுக்கு முன்பே பெருங்குளங்கள் வெட்டி மழைநீர் சேர்த்ததையும், 2021-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக்கியதையும் படித்து வைத்திருந்தேன். அந்த அறிவை அன்றாடம் கையில் வைத்திருந்தவரைத்தான் சுமை என்று ஒதுக்கினேன்.

மலையும் காடும் வளம் இழந்தால் அதுவே பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். பாலை தனி நிலம் அன்று. நீர் தவறிய நிலம். அப்படிப் பார்த்தால், குழாயில் மூன்று நாள் தண்ணீர் வராத மட்டாஞ்சேரித் தெருவும் பாலைதான். அதைக் கடந்து எங்களை வளர்த்தவர் பாட்டி.

மறுநாள் பட்டியலைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். முதல் வரியில் பாட்டியின் பெயர், எதிரே 'தண்ணீர்'. அப்பா படித்துவிட்டு மறுபேச்சின்றித் தலையசைத்தார். "மன்னித்துக்கொள்ளுங்கள் பாட்டி" என்று சொல்ல வாயெடுத்தேன். அவரோ முறுக்கிய இரட்டைக் கயிறு ஒன்றை என் மடியில் போட்டார். தோபிகானாவில் துணியை அதன் முறுக்கில் செருகித்தான் காயப்போடுவார்கள். எந்தக் காற்றும் பிடுங்காது. "பாலையில காத்து அடிக்குமாமே, இதையும் எழுது. அப்புறம் எனக்கு உட்கார ஒரு நாற்காலி" என்றார்.

நண்பர்களே, நீங்களும் விடுமுறையில் எங்கேனும் புறப்படுவீர்கள். பட்டியல் எழுதுங்கள். ஆனால் எழுதத் தொடங்குமுன், அடுக்களைப் பக்கம் ஒரு குரல் கொடுத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.