திரும்பி வரும் திகதி

"எந்த வழியாலை போறியள்? ஏஜென்சிக்கு எவ்வளவு கட்டினனீங்கள்?" எங்கள் விடத்தல்தீவில் ஒருவர் வெளிநாடு போகப்போகிறார் என்றால் ஊர் கேட்கும் கேள்விகள் இவை. எப்போது திரும்பி வருவீர்கள் என்று எவரும் கேட்பதில்லை. பாரிசுக்கு மூன்று கிழமை போய்வரப் போகிறேன் என்று எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் நான் சொன்னபோதும் அப்படித்தான் நடந்தது. மூன்று கிழமை என்ற சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கூட்டம் முடியும்வரை பொறுத்திருந்து, என் கையைப் பிடித்து, "போனா அங்கையே நிண்டிடு பிள்ளை. இஞ்சை என்ன கிடக்கு?" என்றார்.

என் தங்கை பாரிஸ் நகரை ஒட்டிய லா கூர்நெவ் என்ற இடத்தில் இருக்கிறாள். 1991இல் போனவள். 2003இல் சமாதான காலத்தில் ஒருமுறையும், 2014இல் ஒருமுறையும் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மூன்று வருடங்களாக அவளுக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாட்கள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறாள். இனி அவள் இங்கே வருவது கடினம். ஆகவே நான் போக வேண்டும். ஆனால் அவளோ, "என்னை வருத்தம் பார்க்க வராதை அக்கா, பாரிஸ் பார்க்க வா. எந்த நாள் எங்கை போறதெண்டு எழுதிக்கொண்டு வா" என்று தொலைபேசியில் கட்டளை போட்டுவிட்டாள்.

சுற்றிப் பார்க்கப் போவதா? சிரிப்பாக இருந்தது. மன்னாரில் சுற்றிப் பார்ப்பவர்கள் வெள்ளைக்காரர்கள். பள்ளிமுனையில் பெருக்க மரத்தைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள். மாரி முடிகிற காலத்தில் வங்காலைப் பக்கம் பூநாரைகளைப் பார்க்கக் கமராவோடு வெயிலில் நிற்பார்கள். பேசாலையில் கலியாணம் செய்திருக்கும் என் மகளைப் பார்க்கப் போகும்போது பஸ்ஸில் அவர்களைக் காண்பேன். கையில் ஒரு புத்தகம், அதற்குள் எல்லாம் நாள்வாரியாக எழுதியிருக்கும்.

பிறகுதான் என் அப்பாவின் ஞாபகம் வந்தது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே தொடங்கிய கப்பல் போக்குவரத்து, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1984 வரை ஓடியது. நண்டு நல்ல விலைக்குப் போன வருடங்களில் அப்பா தலைமன்னார் இறங்குதுறையில் கப்பலேறி, மதுரைக்குப் போய், இரண்டு படம் பார்த்து, அம்மாவுக்குச் சுங்குடிச் சேலையும் எங்களுக்கு வளையலும் வாங்கிக்கொண்டு பத்தாம் நாள் திரும்பி வருவார். கப்பலேறும் முன்னரே அம்மாவிடம் வரும் நாளைச் சொல்லிவிட்டுப் போவார். மன்னார்ச் சனங்களும் ஒரு காலத்தில் உல்லாசமாகப் போய்வந்தவர்கள்தான். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

நான் அதே கடலைக் கடந்தது 1990இல். பேசாலையில் இருந்து இரவில் படகு. ஓட்டி எங்களைத் தனுஷ்கோடிக்கு அப்பால் ஒரு மணல் தீடையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். விடியும்வரை அம்மாவும் நானும் தங்கையும் தண்ணீர் ஏறுமோ என்று பார்த்துக்கொண்டே நின்றோம். அடுத்த நாள் ஒரு படகு எங்களை ஏற்றியது. பிறகு மண்டபம் முகாம். அங்கிருந்துதான் தங்கை பிரிந்தாள். நானும் அம்மாவும் ஊருக்குத் திரும்பினோம். 2008இல் மறுபடியும் ஓட்டம், இம்முறை கிழக்கே வன்னிக்குள். 2009இல் மெனிக் பாம். 2010இல் திரும்பி வந்தபோது வளவும் கிணறும் இருந்தன, வீடு இல்லை. என் கணவரும் என்னோடு வரவில்லை. 2009 சித்திரையில் மாத்தளனில் தண்ணீர் எடுக்கப் போனவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

ஆக, ஐம்பத்தெட்டு வயதில் முதல்தடவையாக நான் திட்டமிட்டு ஒரு பயணம் போகப்போகிறேன். எண்பது பக்க சி.ஆர். கொப்பி ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் இரண்டு திகதிகளை எழுதினேன். போவது மே 20. வருவது ஜூன் 10.

என்னைப்போல் உறவுகளைப் பார்க்கப் போக நினைக்கும் சகோதரிகளுக்காக, அந்தக் கொப்பியில் உள்ளதைக் கொஞ்சம் சொல்கிறேன். பிரான்சுக்கு எடுக்கும் குறுகியகால வீசாவுக்கு ஷெங்கன் வீசா என்று பெயர். ஒரே வீசாவில் ஜேர்மனி, சுவிஸ் உட்பட 29 நாடுகளுக்குள் போகலாம். லண்டனுக்குப் போக முடியாது, அதற்கு வேறு வீசா. எந்த நாட்டில் கூடுதலான நாட்கள் தங்குவோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். 180 நாட்களுக்குள் 90 நாட்களுக்கு மேல் நிற்க முடியாது. இந்தியாவில் இருந்து போகிறவர்களுக்கும் இதே விதிதான். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்கலாம். ஆகக்குறைந்தது 15 நாள் முந்தியாவது கொடுத்திருக்க வேண்டும். கோடைகாலத்தில் எல்லோரும் போவதால் நேரம் ஒதுக்கிக்கொள்வது கடினம், நான் மாசியிலேயே தொடங்கிவிட்டேன். கட்டணம் 2024 ஜூனில் இருந்து 90 யூரோ. மறுத்தால் அந்தக் காசு திரும்பி வராது.

உறவினர் வீட்டில் தங்குவதானால் அவர்கள் தங்கள் நகரசபைக்குப் போய் ஒரு அழைப்புப் பத்திரம் எடுத்து, அதன் மூலப்பிரதியை எங்களுக்கு அனுப்ப வேண்டும். வீட்டின் அளவு எத்தனை சதுர மீற்றர், வருமானம் எவ்வளவு என்று அங்கே கேட்பார்கள். அதற்கு 30 யூரோ முத்திரை. தங்கை சுத்திகரிப்பு இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை, பெறாமகனைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்து அனுப்பினாள். அந்தக் கடிதஉறை வர நான் பட்ட அவசரம்! ஹோட்டலில் தங்காமல் இப்படித் தங்குகிறவர்கள் நாளொன்றுக்கு 32.50 யூரோ கையிருப்புக் காட்ட வேண்டும். 21 நாளுக்கு 682.50. என்னுடைய சேமிப்பும், மகள் சீட்டுப் பிடித்துத் தந்ததுமாகச் சேர்ந்தது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் வேண்டும். தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், மூன்று கிழமைக்கு நாங்கள் கட்டுவது அதில் மிகச் சிறு துளி.

மன்னார் பட்டினத்தில் ஒருவர் மூன்று இலட்சம் தந்தால் வங்கிக் கணக்கில் காசு இருப்பதாகக் "காட்டி" எல்லாம் செய்து தருவதாகச் சொன்னார். வேண்டாம் சகோதரிகளே. பொய்யான ஒரு கடதாசி அகப்பட்டால் உண்மையான பத்துக் கடதாசிகளையும் நம்பமாட்டார்கள்.

கடவுச்சீட்டை வவுனியாவில் எடுத்தேன். அதற்குள் என் பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரியும் அடையாள அட்டையில் இன்னொரு மாதிரியும் இருந்ததைத் திருத்த அலைந்த கதை தனியாக எழுதவேண்டியது. இடம்பெயர்ந்தபோது பத்திரங்கள் தொலைந்தவர்கள் முதலில் இந்த வேலையைச் செய்யுங்கள்.

விண்ணப்பப் படிவத்தில் எல்லாவற்றையும் நிரப்பி வந்த நான் ஒரு கேள்வியில் நின்றுவிட்டேன். விவாக நிலை. தனியாள், திருமணமானவர், பிரிந்தவர், விவாகரத்தானவர், கைம்பெண் என்று வரிசையாகப் பெட்டிகள். பேசாலையில் மகளின் வீட்டு மேசையில் படிவத்தை வைத்துவிட்டு நான் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டேன். இந்தப் பதினேழு வருடத்தில் எத்தனை படிவங்கள். எங்களில் பலர் மரணச் சான்றிதழ் எடுக்க மறுத்து இருந்தோம். 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, இறந்தார் என்று சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்று வந்தது. அதைத்தான் நான் எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் பெட்டிகளின் கடைசியில் "வேறு" என்று ஒன்று இருந்தது, பக்கத்தில் விளக்கம் எழுதச் சொல்லி ஒரு கோடு. மகள் "என்னம்மா எழுதிறது?" என்றாள். "கணவர் 2009இல் இருந்து காணாமல் போயுள்ளார்" என்று இங்கிலீசில் எழுதச் சொன்னேன். அந்தச் சிறிய கோட்டுக்குள் அது அடங்கியது. சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் இணைத்தோம்.

திரும்பி வருவதற்கு என்ன ஆதாரம் என்பதும் முக்கியம். காணி உத்தரவுப் பத்திரம், இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீட்டின் கடிதம், சங்கத்தின் பொருளாளர் என்ற கடிதம், கிராம அலுவலரின் கடிதம், பேரனின் பிறப்புப் பத்திரம். எல்லாவற்றையும் அடுக்கி வைத்துப் பார்த்தபோது, "இஞ்சை என்ன கிடக்கு" என்ற அக்காவின் கேள்விக்குப் பதில் அந்தக் கோவைக்குள் இருப்பதுபோல் இருந்தது.

ஆனாலும் உண்மையைச் சொல்லவேண்டும். பல இரவுகள் யோசித்தேன். தங்கைக்குத் துணை, நல்ல வைத்தியம், கடன் இல்லாத சீவியம். நின்றுவிட்டால் என்ன? வேறொரு பெண் அப்படி முடிவெடுத்தால் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் போய்வருவேன் என்று கையெழுத்து வைத்து, தங்கையையும் நகரசபையில் கையெழுத்து வைக்கச் செய்துவிட்டு அப்படிச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

விரல் அடையாளம் கொடுக்க நேரில் போகவேண்டும். இரவு பஸ்ஸில் மன்னாரில் இருந்து புறப்பட்டு விடியக் கொழும்பு. நண்டு கழற்றியும் வலை தெரிந்தும் தேய்ந்த என் விரல்களை இயந்திரம் இரண்டு தரம் ஏற்கவில்லை. அங்கிருந்த பிள்ளை ஈரத்துணியால் துடைத்து, "அம்மா, மெல்ல அழுத்துங்கோ" என்றது. மூன்றாம் தரம் பதிந்தது. ஒருமுறை கொடுத்தால் 59 மாதத்துக்குத் திரும்பக் கொடுக்கத் தேவையில்லையாம். வீசா மூன்றாம் கிழமை வந்தது.

இனி நாள் திட்டம். தங்கையின் மூன்று நாட்களும் அவளோடுதான், அதில் மாற்றமில்லை. மிச்சம் நாலு நாட்கள். லூவர் என்ற பெரிய அரும்பொருட்சாலை செவ்வாய்க்கிழமை பூட்டு. மற்ற நாட்களிலும் 2026 ஜனவரியில் இருந்து ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு 32 யூரோ. என்னுடைய ஒருநாள் கையிருப்புக் கணக்கு முழுவதும் ஒரு வாசலில் போவதா? வெளியே நின்று கண்ணாடிக் கோபுரத்தைப் பார்த்தால் போதும். ஓர்சே என்ற சித்திரசாலை மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஜூன் 7ஐக் குறித்து வைத்தேன். 2019 ஏப்ரலில் எரிந்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட நோத்ர டாம் தேவாலயத்துக்குக் காசு இல்லை. எரிந்த கூரையை ஐந்து வருடத்தில் எப்படி எழுப்பினார்கள் என்று பார்க்க எனக்கு ஆசை. வீடு கட்டி முடிக்கப் பட்ட பாடு அப்படி.

தங்கையின் வீட்டுப் பக்கம் ஏழாம் இலக்க மெட்ரோ புறப்படுகிறது, வரைபடத்தில் இளஞ்சிவப்புக் கோடு. அதிலே லூவர் வரை நேரே போகலாம். ஸ்தாலின்கிராட்டில் இறங்கி மாறினால் அடுத்த தரிப்பு லா சப்பல், எங்கள் சனங்களின் கடைத்தெரு. முருங்கைக்காயில் இருந்து தாலிக்கொடி வரை அங்கே வாங்கலாமாம். ஆனால் மெட்ரோவில் படிகள் அதிகம், தங்கையால் ஏற முடியாது. அவளோடு போகும் நாட்களுக்கு பஸ் வழிகளைத் தனியாக எழுதியிருக்கிறேன். ஈபிள் கோபுரம் ஏறுவதில்லை. எதிரே த்ரொக்காதெரோ மேட்டில் இருவரும் இருந்து பார்ப்பது. இருட்டியபிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் அது மின்னும். தங்கை முதல்முறை அதை வீடியோவில் காட்டியபோது பரா வெளிச்சம் என்று நினைத்து நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜூனில் அங்கே பொழுதுபட இரவு பத்து மணியாகுமாம், ஆகவே அன்றைக்குப் பகலில் நித்திரை என்றும் எழுதியிருக்கிறேன்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதற்கும் விதி இருக்கிறது. இறைச்சி, பால், நெய் சேர்ந்தவை கொண்டுபோக முடியாது. கறிவேப்பிலையும் கூடாது. கருவாடு 20 கிலோ வரை கொண்டுபோகலாம்! மன்னார்ப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் தங்கைக்கு உப்பு ஆகாது. "எனக்குத் தின்ன ஏலாது, மணத்துக்காவது கொண்டு வா" என்றாள். பிள்ளைகளுக்கு இரண்டு கிலோ கட்டாக் கருவாடு, மூன்று பையில் சுற்றி. அவளுக்காக உப்பில்லாமல் ஒரு மீன்கறி வைக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரிவரவில்லை.

அந்த இன்னொரு காரணம். இப்போதைய வீடு 2013இல் கட்டியது. என் கணவர் பார்த்ததில்லை. கிணறு பழைய கிணறுதான். அதன் கட்டில் ஒரு கல்லிடுக்கு உண்டு. கலியாணம் முடித்த நாளில் இருந்து, வெளியே போனால் வீட்டுச் சாவியை அதற்குள்தான் வைப்போம். 2008இல் ஓடியபோது ஒரு வரி எழுதி வைக்கவும் நேரம் இருக்கவில்லை. நேற்று ஒரு துண்டில் "பாரிசுக்குத் தங்கச்சியிட்டைப் போறன். ஜூன் 10 வருவன். சாவி பக்கத்து வீட்டில்" என்று எழுதி, பொலித்தீனில் சுற்றி அந்த இடுக்கில் வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அங்காலே நின்று பார்த்துவிட்டு, "கள்ளனுக்கு எழுதி வைக்கிறியோ?" என்று கேட்டார். பிறகு கிட்ட வந்து, மழை வந்தாலும் நனையாதபடி அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டார்.